எல்லாரும் வந்தாச்சு

ஸ்டோர் கிளார்க்குக்கு எண்ணத் தெரியும். வேறு என்ன தெரியும் என்று அந்த அலுவலகத்தில் இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் எண்ணுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்காலி, மேசை, மின்விசிறி, குப்பைத்தொட்டி என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி நம்பர் போட்டுவிடுவார். அசையாமல் ஐந்து நிமிடம் நின்றால் நம் முதுகிலும் ஒட்டிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அன்று காலை அவர் கம்ப்யூட்டர் அறைக்குப் பதினேழு ஸ்டிக்கரோடு வந்தார். ஒட்டி முடித்தபோது விரல் நுனியில் ஒன்று மிச்சம் இருந்தது.

"ஏம்மா தங்கச்சி, பதினேழாவது எங்கே?"

"அங்கேதான் சார் இருக்கும். நல்லா எண்ணிப் பாருங்க."

"நான் எண்ணினா தப்பாதும்மா. உன் லிஸ்ட்ல பதினேழு. இங்க பதினாறுதான்."

தங்கச்சி எழுந்துபோய் எண்ணினாள். பதினாறு. அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். கேபிள்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்தாள். பதினாறு கேபிள், பதினாறு மெஷின். ஆனால் திரையில் பத்து மாதமாக ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பதினேழு பேர் வந்ததாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் தங்கச்சிதான். அண்ணன் அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவன் என்பதால் வந்த பேர். அண்ணன் போன பிறகும் பேர் போகவில்லை. மேலே மழை பெய்தால் கீழே எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டிச் சொல்வது அந்த அலுவலகத்தின் வேலை. அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டும் என்று அண்ணன் ஐந்து வருடம் எழுதிக் கேட்டான். பொறியாளர் ஐந்து வருடமும் "பார்ப்போம்" என்றார். அவருக்குப் பட்டப்பெயரே பார்ப்போம்தான். கடைசியில் அண்ணன் ஊரில் கழித்துப்போட்ட மெஷின்களையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து, ஒன்றோடொன்று இணைத்து, ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்ய வைத்தான்.

அதற்குக் குடும்பம் என்று பெயர் வைத்தான். பெயருக்கேற்ற குடும்பம்தான். மூடிப்போன ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெரிய சர்வர், பெரியப்பா. சத்தம் அதிகம், வேலை நிதானம். விளையாட்டுக்கென்று யாரோ ஆசையாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டு மெஷின், மச்சான். பத்துப் பேர் வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டுச் சூடேறி உட்கார்ந்துகொள்வார். வேறு கம்பெனிச் சரக்கு ஒன்று உண்டு. எல்லோரும் ஒரு எண்ணை இந்த முனையிலிருந்து படித்தால் அது அந்த முனையிலிருந்து படிக்கும். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு இல்லாமல் அதோடு பேச முடியாது. அது சம்பந்தி. அச்சில் வார்த்தாற்போல் இரண்டு மெஷின்கள் ஓரகத்திகள். இரண்டையும் ஒரே பிளக் பாயிண்டில் சொருகினால் ஏதாவது ஒன்று கோபித்துக்கொண்டு அணைந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பதினொரு பழைய கம்ப்யூட்டர்கள், பிள்ளைகள்.

பதினேழாவது, கடைக்குட்டி. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்னப் பெட்டி. கூடவே ஒரு பாட்டரி, ஒரு ஏரியல். அண்ணன் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவான். அங்கிருந்தே டவர் வழியாக அது குடும்பத்தோடு சேர்ந்து வேலை பார்க்கும்.

வேலை நடக்கும் முறையும் குடும்பத்து முறைதான். ஆற்றைப் பதினேழு துண்டாக வெட்டி, அவரவர் தெம்புக்குத் தகுந்த நீளத்தைக் கொடுத்துவிடுவான். மச்சானுக்கு நீளமான துண்டு. கடைக்குட்டிக்கு ஆறு வளையும் இடத்திலிருந்து ஆற்றோரத் தெரு வரைக்கும் ஒரு சாண் துண்டு. ஒரு சுற்றுக்கு ஆற்றில் பத்து நிமிடம் கணக்கு. சுற்று முடிந்ததும் ஒவ்வொருவரும் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்துத் துண்டில் தண்ணீர் எவ்வளவு என்று தெரியாமல் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது என்பதால், ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். அண்ணனும் தங்கச்சியும் வளர்ந்த வீட்டில் அப்பா இருந்த காலத்தில் எல்லோரும் உட்காராமல் யாருக்கும் சோறு விழாது. அண்ணன் அதே சட்டத்தை இங்கேயும் போட்டான். கடைசி ஆள் வந்ததும் திரையில் ஒரு வரி வரும்: எல்லாரும் வந்தாச்சு. அடுத்த சுற்று.

லிஸ்டில் இல்லாத மெஷின் எதையாவது சொருகினால் எல்லா மெஷினும் ஒன்றன்பின் ஒன்றாக "நீங்க யாரு?" என்று கேட்கும். ஒரு மெஷினைத் துடைக்கவோ பழுது பார்க்கவோ அணைத்தால் அது "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகும். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவருக்காக மற்றவர்கள் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பார்கள். ஒரு மெஷின் அடியோடு செத்துப்போனால் மட்டும் அதன் சார்பில் "போறேன்" என்று தட்ட வேண்டும். அதோடு அதன் பேர் லிஸ்டிலிருந்து போய்விடும், அதன் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். வீட்டு வாசலில் யாரும் வாயில் எடுக்காத வார்த்தை என்பதால்தான் அதை வைத்தேன், தெரியாத்தனமாக யாரும் தட்டமாட்டார்கள் என்பான் அண்ணன். ஒருமுறை பிள்ளைகளில் பன்னிரண்டாவதாக இருந்தது புகைந்துபோனபோது அவனே அந்த வார்த்தையைத் தட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டினான்.

பத்து மாதத்துக்கு முன்னால் வந்த வெள்ளத்தில் வளைவிலிருந்த டவர் பேசாமல் போயிற்று. அண்ணன் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அண்ணியிடம் போயிட்டு வரேன் என்றான். கரை சரிந்தது. டவர் விழுந்தது. எட்டு நாள் தேடினார்கள், ஆளும் கிடைக்கவில்லை, பையும் கிடைக்கவில்லை.

ஆகவே கடைக்குட்டி என்று ஒரு மெஷின் உலகத்தில் இல்லை. அதோடு பேசுவதற்கு டவரும் இல்லை. இது தங்கச்சிக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் தினமும் பார்க்கிற லிஸ்டை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? பதினேழு என்று திரை சொன்னால் பதினேழுதான் என்று இருந்துவிட்டாள். கடைக்குட்டி எப்போதும் ஒரு நொடி தாமதமாக வரும். அது பெரியப்பாவின் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டோர் கிளார்க் விஷயத்தைப் பொறியாளர் காதில் போட்டார். அவர் வந்து பதினாறையும் ஒரு பார்வை பார்த்தார். "இல்லாத மெஷினை லிஸ்ட்ல வெச்சுக்கிட்டு நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்னம்மா சொல்றது? பேரை எடுத்துடு."

"எடுத்துடறேன் சார்" என்றாள். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலில் தனியாக வந்தாள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வெளியிலிருந்து அறைக்குள் வரும் நெட்வொர்க் கேபிளை முதலில் பிடுங்கினாள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். போயிட்டு வரேன், போயிட்டு வரேன் என்று திரையில் வரிகள் இறங்கின. ஓரகத்திகள், சம்பந்தி, மச்சான் எல்லோரும் போனார்கள். அந்த அறையில் அவள் கேட்டேயிராத சத்தமெல்லாம் அப்போது கேட்டது. ஏ.சி.யிலிருந்து வாளியில் சொட்டும் தண்ணீரின் சத்தமும் கேட்டது. பெரியப்பா மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

யார் யார் இருக்கீங்க என்று தட்டினாள்.

பெரியப்பா: இருக்கேன்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். பின்கட்டில் இருக்கிற ஒருவர் வாசல் வரைக்கும் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கழிந்தது.

கடைக்குட்டி: இருக்கேன்.

ஓடிப்போகலாம் என்று கால் சொன்னது. ஆனாலும் விரல் தன் பாட்டுக்கு வழக்கமான கேள்வியைத் தட்டியது. சூடு எவ்வளவு, சார்ஜ் எவ்வளவு என்று தினமும் காலையில் எல்லா மெஷினிடமும் கேட்பதுதான். பெரியப்பா ஐம்பத்தொரு டிகிரி என்றது. கடைக்குட்டி பதினெட்டு டிகிரி என்றது. சார்ஜ் பூஜ்யம் என்றது. அந்த வெயிலில் ஊரிலேயே பதினெட்டு டிகிரி இருக்கக்கூடிய இடம் ஒன்றுதான். ஆற்றின் அடி.

பழைய பதிவுகளைத் தோண்டினாள். கரை சரிந்த அன்று கடைக்குட்டி "போயிட்டு வரேன்" என்றிருந்தது. மூன்று நாள் கழித்து "வந்துட்டேன்" என்றிருந்தது. அந்த மூன்று நாளும் எல்லோரும் ஆற்றங்கரையில் தேடிக்கொண்டிருந்ததால் குடும்பம் காத்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. அதன் துண்டில் அது சொன்ன நீர்மட்டம் எல்லாம் விரற்கடை பிசகாமல் சரியாக இருந்தது. மற்றவர்கள் ஆற்றைக் கணக்கு போட்டுச் சொன்னார்கள், இது பார்த்துச் சொன்னது.

இதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்று சாயங்காலம் அவள் நேரே அண்ணி வீட்டுக்குப் போனாள்.

அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். ஆற்றோரத் தெருவில் கடைசிக்கு முந்தின வீடு. ஊரே அண்ணனுக்குக் காரியம் செய்யச் சொன்னபோது, "வரேன்னு சொன்னவருக்கு எதுக்குக் காரியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தவள். வாசல் கதவுக்குப் பின்னால் உயரத்தில் ஓர் ஆணி உண்டு. அண்ணன் நல்ல வளர்த்தி, அவன் பையை மாட்டுவதற்காக அடித்த ஆணி. அண்ணிக்கு ஸ்டூல் போட்டால்தான் எட்டும். பத்து மாதமாக அதில் எதுவும் மாட்டியதில்லை. அவளுடைய குடை தரையில்தான் கிடக்கும்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன். பயப்படக் கூடாது."

"பயப்படக் கூடாதுன்னு சொன்னாலே பயமாத்தான் இருக்கும். சொல்லு."

சொன்னாள். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லிச்சு. வந்துட்டேன்னும் சொல்லிச்சு. அப்படித்தானே?"

"அது மெஷின் அண்ணி."

"அவர் பையில இருந்த மெஷின். அது வந்தா அவரும் வருவாரு. ஊரே என்னைப் பைத்தியம்னு சொல்லிச்சு. நீயும் மனசுக்குள்ள சொல்லியிருப்ப."

தங்கச்சி சொல்லித்தான் இருந்தாள். அன்றிலிருந்து அண்ணி வாசல் கதவுக்குத் தாழ் போடுவதை நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. மேலே இரண்டு நாள் கொட்டிய மழை கீழே வந்துகொண்டிருந்தது. காலைக் கணக்கு பதினொரு மணிக்கு முடிந்தது. ஆற்றோரத் தெருவுக்குள் நாலரைக்குத் தண்ணீர் நுழையும், ஐந்து நாற்பதுக்கு ஆள் உயரம் நிற்கும் என்று கடைக்குட்டியின் துண்டு சொன்னது. பொறியாளர் அன்றைக்குப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. உடனே போனை எடுத்தார். மைக் கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. இரண்டு மணிக்குள் தெரு காலி என்று தகவல் வந்தது.

அணைக் கதவை எப்போது எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்ய இன்னொரு கணக்கு வேண்டியிருந்தது. நாலு மணிக்குள் வேண்டும். இரண்டரைக்குத் தொடங்கினாள். சுற்றுகள் ஓடின. நாற்பதாவது சுற்று முடிந்து நாற்பத்தொன்றாவதில் பெரியப்பா வந்தார், மச்சான் வந்தார், சம்பந்தி வந்தார், ஓரகத்திகளும் பிள்ளைகளும் வந்தார்கள். கடைசியாக ஒரு வரி வந்தது.

கடைக்குட்டி: போயிட்டு வரேன்.

அதோடு எல்லாம் நின்றது. பதினாறு மெஷினும் காத்திருந்தன. வேலை இல்லாததால் விசிறிகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தன. கரை சரிந்த அன்றைக்குப் பிறகு அது ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. எங்கே போகிறது என்று தங்கச்சிக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவள் விரும்பவும் இல்லை.

பொறியாளர் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என்னம்மா, நின்னுடுச்சு?"

"கடைக்குட்டி வரணும் சார்."

"இல்லாதது எப்படிம்மா வரும்? அன்னிக்கே எடுக்கச் சொன்னேன். அந்த வார்த்தையைத் தட்டி விடு, மத்ததெல்லாம் நகரும்."

"பார்ப்போம் சார்" என்றாள். அவருடைய வார்த்தை அவருக்கே திரும்பியதில் ஒரு கணம் திகைத்து, மணியைப் பார்த்துவிட்டுக் கீழே போனார்.

அப்போதுதான் போன் அடித்தது. ஆற்றோரத் தெருவில் வண்டியோடு நின்ற தீயணைப்பு ஆள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு அம்மா வெளியே வர மாட்டேன் என்கிறார், உங்களைத்தான் சொந்தம் என்கிறார், இன்னும் அரைமணி நேரம்தான் எங்களால் நிற்க முடியும் என்றார். போன் கை மாறியது.

"அண்ணி, உடனே கிளம்புங்க. ஆள் உயரம் வரும்."

"தெரியும். மைக்ல சொன்னாங்க."

"தெரிஞ்சுமா உட்கார்ந்திருக்கீங்க?"

"போன தடவை தண்ணி வந்தப்பதான் அவரு போனாரு. இந்தத் தண்ணியில வருவாருன்னு எனக்குத் தோணுது. வர்ற நேரம் பாத்து வீடு பூட்டிக் கிடந்தா என்ன நினைப்பாரு? பரண்மேல ஏறி உட்கார்ந்துக்கறேன். நீ கவலைப்படாதே."

அந்தப் பரணின் லட்சணம் தங்கச்சிக்குத் தெரியும். நாலு தகரப்பெட்டியைத் தாங்கவே நாலு கேள்வி கேட்கும்.

"அண்ணி, உங்க கால்ல விழறேன்."

"அதெல்லாம் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லு. கடைக்குட்டி இப்ப என்ன சொல்லுது?"

திரை கண்ணெதிரே இருந்தது. கடைசி வரி அப்படியே இருந்தது. உள்ளதைச் சொன்னால் அண்ணி அந்த வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள், அந்த வீட்டிலேயே சாவாள். ஞாயிற்றுக்கிழமை இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்தாவது கொண்டு வந்திருக்கலாம். இப்போது அவளை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது.

"அண்ணி... போறேன்னு சொல்லிடுச்சு."

மறுமுனையில் மழை மட்டும் கேட்டது.

"சரியாப் பாத்தியா? அவர் வாயில அந்த வார்த்தை வந்ததே இல்லையே."

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"நான் என் கண்ணால பாக்கணும்."

"வாங்க அண்ணி. வந்து பாருங்க."

போனை வைத்ததும்தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தீயணைப்பு வண்டியில் ஏறி அண்ணி இன்னும் இருபது நிமிடத்தில் இந்த அறைக்குள் நிற்பாள். பொய்யைச் சொன்னால் போதாது, அதைத் திரையில் ஏற்றவும் வேண்டும். அணைக் கதவும் காத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்.

கடைக்குட்டி என்று தட்டினாள். போறேன் என்று தட்டினாள். "சார்பாகச் சொல்றீங்களா? நிச்சயமா?" என்று திரை கேட்டது. அண்ணன் எழுதி வைத்த கேள்வி. அதைக் கேட்பது அண்ணன்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆமா என்று தட்டும்போது அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைக்குட்டி: போறேன்.

பெரியப்பா சரி என்றார். மச்சான் சரி என்றார். சம்பந்தி, ஓரகத்திகள், பிள்ளைகள் எல்லோரும் சரி, சரி என்று சொல்லி முடித்தார்கள். விசிறிகள் மறுபடி வேகம் எடுத்தன. எல்லாரும் வந்தாச்சு. அடுத்த சுற்று.

அண்ணி நனைந்த சேலையோடு வந்தாள். கையில் வீட்டுச் சாவி. தங்கச்சி அந்த வரியைக் காட்டினாள். அண்ணி குனிந்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். பிறகு வராந்தாவில் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பத்து மாதமாக அழாதவள் அப்போது அழுதாள். வாய்விட்டு அழுதாள். தங்கச்சி அவள் பக்கத்திலேயே இருட்டும் வரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே மெஷின்கள் தம் பாட்டுக்கு அடுத்தடுத்த கணக்கை ஓட்டிக்கொண்டிருந்தன.

அணைக் கதவு சரியான நேரத்தில் திறந்தது. தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன உயரத்துக்கு நின்றது. ஓர் உயிர்கூடப் போகவில்லை. பொறியாளர் வந்து, "நல்லா செஞ்சம்மா" என்றார். அவளுக்கு அது பிடரியில் அடித்ததுபோல் இருந்தது.

நாலாம் நாள் தண்ணீர் வடிந்தது. இருவரும் வீட்டைத் திறக்கப் போனார்கள். அண்ணி பூட்டிய பூட்டு அப்படியே தொங்கியது. உள்ளே சேறு போயிருந்ததால் எண்ணெய் விட்டுத்தான் திறக்க முடிந்தது. ஜன்னல்கள் உள்பக்கம் கொக்கி போட்டபடியே இருந்தன. வீட்டுக்குள் கணுக்கால் அளவு சேறு. சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒரே நேராக ஓடியது. அண்ணியின் தலைக்கு மேலே ஒரு விரற்கடையில் ஓடியது. பரண் பெயர்ந்து விழுந்து கிடந்தது.

அண்ணி கதவை முழுதாகத் தள்ளிவிட்டு, பழக்கதோஷத்தில் அதன் பின்னால் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

ஆணியில் பை தொங்கியது.

தண்ணீர்க் கோடு அந்த ஆணிக்கு ஒரு முழம் கீழே இருந்தது. கோட்டுக்கு மேலே சுவர் காய்ந்து பொருக்காக இருந்தது. பை மட்டும் ஈரம். அதன் அடியிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விழுந்து, கீழே சேற்றில் ஒரு சின்னக் குழி பறித்திருந்தது. வார் இரண்டு சுற்று சுற்றி மாட்டப்பட்டிருந்தது. அண்ணன் அப்படித்தான் மாட்டுவான்.

சொட்டு விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"தங்கச்சி."

"அண்ணி."

"போறேன்னு சொல்லிட்டுப் போனவரு எதுக்கு வந்தாரு?"

இதற்கு மேல் மறைத்து என்ன செய்வது? "அவரு சொல்லலை அண்ணி. நான்தான் தட்டினேன். அவரு போயிட்டு வரேன்னுதான் சொன்னாரு."

அண்ணி திட்டியிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் தங்கச்சிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அண்ணியோ சேற்றுக்குள் கிடந்த ஸ்டூலைத் தேடி எடுத்து, துடைத்து, ஏறி, பையைக் கழற்றினாள். வாரைப் பிழிந்தாள். உள்ளே கடைக்குட்டி இருந்தது. பெட்டி நிறைய ஆற்று மண், பச்சை பூத்த தகடு, உப்பிப்போன பாட்டரி. பத்து மாதமாக அது எந்த வேலையும் செய்திருக்க முடியாது என்று குழந்தைகூடச் சொல்லும்.

"வந்திருக்காரு" என்றாள் அண்ணி. "வீடு பூட்டிக் கிடந்திருக்கு."

அண்ணன் பார்க்க வந்தானா, கூட்டிக்கொண்டு போக வந்தானா என்று தங்கச்சி கேட்கவில்லை. அண்ணி உள்ளே இருந்திருந்தால் அவளும் இன்றைக்கு இல்லை, அது நிச்சயம். செய்தது சரிதான் என்று நூறு தடவை சொல்லிக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்தாள். சொல்லச் சொல்லச் சரியாகவே இருந்தது, ஆனால் நெஞ்சு ஆறவில்லை.

மேசையில் ஸ்டோர் கிளார்க் விட்டுப்போன ஸ்டிக்கர் அப்படியே கிடந்தது. பதினேழு என்று அழகாக எழுதியிருந்தார். அதை ஓரமாக நகர்த்திவிட்டு வியாழக்கிழமையின் பதிவைத் திறந்தாள். அவள் வராந்தாவில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்துக்குப் போனாள். ஐந்து நாற்பது.

கடைக்குட்டி: வந்துட்டேன்.
பெரியப்பா: நீங்க யாரு?
மச்சான்: நீங்க யாரு?
சம்பந்தி: நீங்க யாரு?

ஓரகத்திகள் கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் பதினொருவரும் கேட்டிருந்தார்கள். பதினாறு பேரும் கேட்டு முடிக்கும்வரை அது பேசாமல் இருந்திருக்கிறது. ஐந்து ஐம்பதுக்கு மறுபடி வந்துட்டேன் என்றிருந்தது. மறுபடி பதினாறு பேரும் நீங்க யாரு என்று கேட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு இன்னொரு தடவை. அதற்குப் பிறகு கடைக்குட்டியின் பெயர் அந்தப் பதிவில் எங்கேயும் இல்லை. கீழே அடுத்த வரி வழக்கம்போல் இருந்தது.

எல்லாரும் வந்தாச்சு. அடுத்த சுற்று.